நாலடி உயர்ந்த வீட்டிலிருந்து

மகனே குமார், நான் இங்கேதான் இருக்கிறேன். வீடும் நீ விட்டுப்போன அதே இடத்தில்தான் இருக்கிறது, நாலடி உயரத்தில். நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். ஷார்ஜாவில் எந்த நேரத்தில் நிழலுக்கு ஒதுங்கித் தண்ணீர் குடிப்பாய் என்பது எனக்கு மனப்பாடம். அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டேன், அதனால் வேலையில் இருந்தேன் என்று கதை சொல்லாதே. நாலாம் வகுப்போடு நிறுத்திய தமிழ் இது. எழுத்து வளைந்திருந்தால் பொறுத்துக்கொள். பக்கத்து வீட்டு ருக்கியா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பித் தருவாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. உன் மகள் தேவிகாவுக்கும் வராது, அவளுக்கு மலையாளம்தான் கைக்கு அடங்கியது. அதனால் அவளைப் பற்றி அவள் பக்கத்தில் இருக்கும்போதே தைரியமாக எழுதுகிறேன். வேறு யார் வாசித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. மட்டாஞ்சேரியில் இந்தச் சந்துக்குள் நம் வீட்டுச் சண்டை தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்?

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். தேவுக்கு என்ஜினீயரிங் கிடைக்கப்போகிறது. எந்தப் பிரிவு முதலில் வேண்டும், எது இரண்டாவது என்று கம்ப்யூட்டரில் வரிசை வைத்துக் கொடுக்க வேண்டுமாம். அவள் சிவிலை முதலில் வைத்தாள். நீ அங்கே இருந்தபடியே திறந்து, சிவில் என்று இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பிரிவை மேலே ஏற்றினாய். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாய். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "வெயில்ல நிக்கறதுக்கு நம்ம குடும்பத்துல நான் ஒருத்தன் மதி, போதும்" என்று சொல்லிப் போனை வைத்தாய். சனிக்கிழமை சாயங்காலம் வரை மாற்றலாமாம். அதற்கப்புறம் பிரம்மாவே வந்தாலும் முடியாதாம். இன்று புதன். அவள் இடப்பள்ளி பிளாட்டுக்கு, அவள் அம்மாவிடம் போகாமல் என்னோடு இருக்கிறாள். சாப்பிடுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், எனக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாள். சிரிக்கவில்லை.

நீ அவளுடைய அப்பா, தீர்மானிக்க உனக்கு உரிமை உண்டு, அதில் நான் வாய் வைக்க மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அது பொய். நான் வாய் வைக்கத்தான் போகிறேன். நீ இல்லாத நாட்களில் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் நீ தீர்மானிக்கக்கூடாது. பிளம்பர் வந்தானா, பெயிண்டு முடிந்ததா என்று மட்டுமே போனில் கேட்டாய். நடந்தது அதுவல்ல.

உனக்கு நினைவிருக்கும், இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது. கார்த்திகை மாதத்து அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் காயல் பெருகி, ஓடை வழியே திரும்பி நம் சந்துக்குள் வரும். வேலியேற்றம் என்று இங்கே எல்லாரும் சொல்வது. மழை மாதிரி முழக்கிக்கொண்டு வராது. விடியற்காலையில் காலைக் கீழே வைத்தால் பாயின் ஓரம் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் அறைக்குள் ஒரு வானம் கிடக்கும், அதில் உன் செருப்பு மிதக்கும். நீ அழுததில்லை. கட்டில் மேல் உட்கார்ந்து கைதட்டுவாய். ஒரு தடவை உன் பெரியப்பா தோப்பும்படியிலிருந்து மீனோடு வந்தார். வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, "தரைய ஒரு முழம் ஏத்திப் போடுடா தம்பி, தண்ணி வெளியவே நின்னு பாத்துட்டுப் போகும்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் செத்துப்போனார், அது வேறு விஷயம். கொண்டுவந்த மீனும் கெட்டுப்போனது.

உன் அப்பா கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்கிறவர், தண்ணீரின் குணம் தனக்குத் தெரியும் என்று நம்பினவர். எங்கெங்கோ இடித்த கட்டடங்களின் செங்கல் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டி, இடித்துச் சமமாக்கி, மேலே சிவப்புத் தரை போட்டார். எத்தனை அழகு! முகம் தெரியும் அதில். சில வருடம் தண்ணீர் வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் போனது. பிறகு ஒரு கார்த்திகையில் உள்ளே வந்து பார்த்தது. அவர் மறுபடி ஏற்றினார், கறுப்புத் தரை. அப்புறம் மொசைக் சில்லு. அப்புறம் டைல்ஸ். ஒவ்வொரு தடவையும் கதவின் அடியை அறுத்தோம். நின்று எட்டிப் பார்த்த ஜன்னலை, உட்கார்ந்தபடியே பார்க்கும்படி ஆயிற்று. மின்விசிறிக்குப் பயந்து கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்க மாட்டோம். நீயும் வளர்ந்தாய், தரையும் வளர்ந்தது. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னே நிலைக்கதவின் மேல்கட்டை உன் நெற்றியில் இடித்தது. அன்றிலிருந்து யார் உள்ளே வந்தாலும் நான் அடுக்களையிலிருந்தே "தலை!" என்று கத்துவேன். தபால்காரர், மீன்காரி, உன் சிநேகிதர்கள், எல்லாருக்கும் அந்த வீட்டில் முதலில் கிடைக்கும் உபசாரம் அதுதான். நீ குனியப் பழகினாய். எவ்வளவு பழகினாய் என்றால், உன் கல்யாணத்தன்று மண்டபத்தின் வாசலில், யானை போகிற உயரம் அது, அங்கேயும் குனிந்து நுழைந்தாய். மாப்பிள்ளைக்கு என்ன பணிவு என்று பெண்வீட்டார் மெச்சினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அப்பா போன அன்றும் அதே வாசல்தான். தூக்கியவர்கள் முழங்காலை மடக்கி, ஒரு பக்கம் சாய்த்து, வழிவிடச் சொல்லிச் சுவரோடு பேசிக்கொண்டே வெளியே எடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் ஓடைக்குள் குனிந்த மனுஷன், கடைசியாக ஒரு தடவை நேராகப் போக இடமில்லை. நீ சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். "இந்த வீட்ட தூக்கணும்மா" என்றாய். துக்கத்தில் வந்த பேச்சு என்று விட்டுவிட்டேன். வீட்டைத் தூக்குவது என்று ஒரு தொழில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கோடையில் நீ அனுப்பிய ஆட்கள் வந்து இறங்கியபோதும் நான் நம்பவில்லை. ஹரியானாக்காரர்கள், பல்பீர் என்று ஒரு மேஸ்திரி. மலையாளத்தில் அவனுக்குத் தெரிந்தது இரண்டே சொல். ஒன்று சாயா. இன்னொன்று பேடிக்கண்டா, அதாவது பயப்படாதே. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் கேரளம் முழுக்க வீடுகளைத் தூக்கியிருக்கிறானாம். பரீட்சை முடிந்த லீவில் தேவு என்னிடம் வந்து சேர்ந்தாள். சாமானையெல்லாம் ருக்கியா வீட்டில் அடைத்துவிட்டு நாங்களும் அங்கேயே படுத்துக்கொண்டோம். சுவரின் அடியைத் தோண்டுவதற்காக ஓரத்துத் தரையை வெட்டினார்கள். அந்த வெட்டில் உன் அப்பா போட்ட தரைகளெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன, அடியில் சிவப்பு, மேலே கறுப்பு, அப்புறம் சில்லு, அப்புறம் டைல்ஸ். நாம் வாழ்ந்த வருஷங்களை யாரோ கத்தி வைத்து வெட்டிக் காட்டின மாதிரி இருந்தது. சிவப்புத் தரை ஈரமாக இருந்தபோது நீ ஓடிப் பதித்த காலடி ஒன்று அதில் எங்கேயோ உண்டு. சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர்கள் உடைத்துக் கூடையில் அள்ளிவிட்டார்கள். தேவு அந்தக் குவியலில் வெகுநேரம் தேடினாள். கிடைக்கவில்லை.

தேடிவிட்டுக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தவள், ஒரு பிடி சேற்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். கறுப்பு அல்வா மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. "ஆச்சி, எல்லாக் கனமும் கீழ போகணும். கூரை சுவத்துகிட்ட குடுக்கும், சுவர் அஸ்திவாரத்துகிட்ட குடுக்கும், அஸ்திவாரம் மண்ணுகிட்ட குடுக்கும். மண்ணு வாங்கிக்கலேன்னா கதை முடிஞ்சுது" என்றாள்.

"மண்ணு யார்கிட்டடி குடுக்கும்?" என்று கேட்டேன்.

"அது எனக்கு அறியாது" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "தாத்தா தண்ணி வரக்கூடாதுன்னு தரைய ஏத்தினாரு. ஏத்தின கனம் வீட்ட சேத்துக்குள்ள அமுக்கிச்சு. அமுங்கினதும் தண்ணி பின்னயும் வந்துச்சு. பின்னயும் ஏத்தினாரு."

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். செத்த மனுஷனைக் குற்றம் சொல்ல இவள் யார்? அவர் தலையில் சுமந்த ஒவ்வொரு கூடையும் எனக்குத் தெரியும். சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. ருக்கியாவின் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். இரண்டு வீட்டையும் ஒரே மேஸ்திரி, ஒரே உயரத்துக்குக் கயிறு பிடித்துக் கட்டினார். ருக்கியா வீட்டார் தரையை ஏற்றியதே இல்லை. வேலியேற்றம் வந்தால் வாசலில் ஒரு பலகையை வைத்து, பாயைச் சுருட்டிக் கட்டிலில் ஏற்றிவிட்டு, தண்ணீர் இறங்கும்வரை காத்திருப்பார்கள். நான் உட்கார்ந்திருந்த படியிலிருந்து நம் வீட்டு வாசற்கால் அவள் வாசலைவிடத் தாழ்ந்து தெரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே வாழ்ந்து, அவள் வீட்டை யாரோ உயர்த்திவிட்டார்கள் என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். உள்ளே போய்த் தேவுக்குச் சாயா போட்டுக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் அவள் எனக்கு எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள், எனக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும். காகிதத்தைச் சரிவாக வெட்டி, பென்சிலில் சுற்றிக் காட்டி, இதுதான் வீட்டைத் தூக்குகிற ஜாக்கியின் திருகு, நீளமாக நடந்து கொஞ்சமாக ஏறுகிற பாதையைச் சுருட்டி வைத்தது என்றாள். இது எனக்கு உடனே புரிந்தது, முதுகால் புரிந்தது. ஜூ டவுனில் இப்போது பழஞ்சாமான் விற்கிற கடையெல்லாம் அன்று இஞ்சி கோடவுன். மூட்டையைத் தலையில் வைத்துப் பலகையில் ஏறுவோம். பலகை நீளமாக இருந்தால் மூச்சு வாங்காது, குட்டையாக இருந்தால் உயிர் போகும். குட்டைப் பலகையைப் போட்ட கணக்குப்பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு மனுஷக் கை திருப்பி ஒரு வீடு எழும்புகிறது என்றால் அந்த நீளப் பலகையின் புண்ணியம்தான். அது மெக்கானிக்கல் பிரிவாம். சுவரை உடைத்த இடத்தில் இரும்புக்கம்பி உப்பேறி, பருத்து, கருவேப்பிலைக் குச்சி மாதிரி ஒடிந்தது. ஒன்று இன்னொன்றாக மாறுவதைப் பிடித்து நிறுத்துவதும், வேண்டுமென்றே மாற வைப்பதும் கெமிக்கல் பிரிவாம். சுண்ணாம்பு நீரில் முக்கி இஞ்சியை வெயிலில் காய வைத்த எனக்கு அதுவும் கொஞ்சம் புரிந்தது. மண்ணுக்குப் போகிற எர்த்து கம்பியைக் கழற்றியதும், கரண்டைத் துண்டித்தே ஆகவேண்டும் என்று எலக்ட்ரீஷியன் பிடிவாதம் பிடித்தான். மண்ணோடு தொடர்பு விட்டுப்போன வீட்டில் விளக்கு எரியக்கூடாதாம். அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல் ஆயிற்று.

கம்ப்யூட்டரை மட்டம் என்று நான் சொல்லிவிடுவேன் என்று பயப்படாதே. நம் சந்தைக் கண்ணால் காணாத யாரோ ஒருவர், அடுத்த மாதம் இன்ன தேதியில் இன்ன மணிக்குக் காயல் ஏறும் என்று தேவுவின் போனில் எழுதி வைத்திருக்கிறார். அந்த மணிக்கே ஏறுகிறது. பாய் நனையும் முன்னே சுருட்டுவதற்கு ஆள் கிடைத்தது மாதிரி. கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும். "எது பெரிசு?" என்று தேவுவிடம் கேட்டேன். "பெரிசு சின்னது இல்ல ஆச்சி. ஒரு வீடு நிக்கணும்னா எல்லாரும் வேணும். நமக்கு எது கிட்ட போய் நிக்கத் தோணுதுன்னுதான் பாக்கணும்" என்றாள். நானும் நீயும் அப்படி எதையாவது பார்த்தோமா?

ஜாக்கி திருப்பிய நாளைப் பற்றி இனிச் சொல்கிறேன். சுவரடி முழுக்க வரிசையாக ஜாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். பல்பீர் விசில் ஊதினால் எல்லாரும் ஒன்றாகக் கால்வாசித் திருப்பு திருப்ப வேண்டும். ஒருவன் முந்தக்கூடாது, ஒருவன் பிந்தக்கூடாது. ஊதினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஊதினான். வீடு எழும்புவதை யாராலும் பார்க்க முடியாது, குமார். எழும்பிவிட்டதைத்தான் பார்க்க முடியும். தேவு ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தண்ணீரை நிறுத்தியிருந்தாள். அது அலுங்கவில்லை. நிலா ஏறுகிற மாதிரி. கொஞ்சநேரம் வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால், சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். அந்தப் பக்கத்துச் செடி இந்தப் பக்கத்திலிருந்து தெரிகிறது. ருக்கியா வாயில் விரலை வைத்துக்கொண்டாள். நான் கும்பிட்டேன், யாரை என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அடுக்களை மூலையில் 'சட்' என்று ஒரு சத்தம். சுவரில் ஒரு கீறல், பல்லி ஓடுகிற மாதிரி மேலே ஏறிற்று. பல்பீர் நீளமாக விசில் ஊதினான். எல்லாரும் கையை எடுத்தார்கள். அந்த மூலை ஜாக்கி மட்டும் ஏன் இறுகுகிறது என்று அவன் உட்கார்ந்து பார்க்கிறான், எழுந்து பார்க்கிறான், ஹிந்தியில் திட்டுகிறான். எவனுக்கும் விளங்கவில்லை. தேவு மெதுவாக வீட்டைச் சுற்றி வந்தாள். அடுக்களைக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் வழிகிற குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆச்சி, பைப்புல தண்ணி வந்துச்சா?"

வந்தது. விடியற்காலையில், இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டு வந்தது. ருக்கியா "சேச்சீ, வெள்ளம் வந்து!" என்று எழுப்பினாள். காயல் வந்தாலும் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் வந்தாலும் வெள்ளம், இங்கே எல்லாம் ஒரே பேர்தானே. பைப்பில் தண்ணீர் வந்தால் மட்டாஞ்சேரியில் எந்தப் பொம்பளை சும்மா படுத்திருப்பாள்? சாவு வீட்டில்கூடக் குடத்தை வைத்துவிட்டுத்தான் அழுவோம். ருக்கியாவின் டிரம், பானை, சோறு வடிக்கிற சட்டி வரை நிறைந்தது. இன்னும் வந்துகொண்டிருந்தது. நம் கூரைத் தொட்டி சும்மாதானே இருக்கிறது என்று அவளுடைய மோட்டாரில் ஹோஸ் பைப்பைச் சொருகி, அதையும் கழுத்து வரை நிரப்பிவிட்டு, திருப்தியாக வந்து பல் தேய்த்தேன். வீடு ஜாக்கியின் மேல் நிற்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தண்ணீருக்கும் கனம் உண்டு என்பதுதான் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"அஞ்ஞூறு லிட்டர், அரை டன்னு! அடுக்களை மேல ஒரு எருமைய ஏத்தி நிறுத்திட்டு வந்து பல்லு தேய்க்கிறீங்களா ஆச்சி?" என்றாள் தேவு. ஆட்களுக்குப் புரியும்படி கையால் கொம்பு வைத்து, எருமை மாதிரி நடந்து, கூரையைக் காட்டினாள். முதலில் பல்பீருக்குக் கோபம் வந்தது, அப்புறம் அவன் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அம்மா... பேடிக்கண்டா" என்றான். தொட்டியைத் திறந்துவிட்டார்கள். அந்த நல்ல தண்ணீர் ஓடையில் போனதை நான் பார்க்கவில்லை, முகத்தை மூடிக்கொண்டேன். அந்த மூலையில் அவன் முதலிலேயே கூடுதலாக ஒரு ஜாக்கி வைத்திருந்தான், அதனால் வீடு பிழைத்தது. ஏன் கூடுதல் என்று கேட்டேன். தேவு சொன்னாள்: "தாங்கும்னு கணக்குல வந்தா மட்டும் மதியாகாது ஆச்சி. அதுக்கு மேலயும் தாங்கணும். மனுஷங்க தெரியாம செய்யற தப்புக்கும் இடம் விட்டு வைக்கணும். உங்களப்போல ஆச்சிமாருக்கு வேண்டித்தான் அது."

தொட்டி காலியானதும் பல்பீர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, அவளிடம் நீட்டினான். உன் மகள் நம் வீட்டின் முன்னால் நின்று, இடதும் வலதும் பார்த்து, எல்லாக் கையும் ஜாக்கியில் இருக்கிறதா என்று பார்த்து, ஊதினாள். பெரிய பெரிய ஆண்கள் அவள் மூச்சுக்குத் திருப்பினார்கள். வீடு எழும்பியது. அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டைப் பார்க்கவில்லை. உன் முகம் அது. கட்டில்மேல் உட்கார்ந்து செருப்பு மிதப்பதைப் பார்த்துக் கைதட்டின முகம். அன்றைக்குச் சாயா குடிக்கும்போதுதான், "ஆச்சி, எனக்கு இதான் வேணும்" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெயில் அன்று எப்படி அடித்தது தெரியுமா? அவள் மூக்கு உரிந்துபோயிருந்தது. வெயில் என்ன என்று தெரியாமல் கேட்கிறாள் என்று மட்டும் நினைக்காதே.

வீடு அந்தரத்தில் நின்ற நாட்களில் எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. வீடு அவிழ்ந்து, ஓடை வழியே காயலுக்குள் போகிறது. அடுப்பு எரிகிறது, சாமி படத்தில் பூ வாடவில்லை. தோப்பும்படிப் பாலம் வருகிறது. உன் அப்பா வாசலில் உட்கார்ந்து கழி ஊன்றித் தள்ளுகிறார். பாலத்துக்கு அடியில் நுழையும்போது "தலை!" என்று கத்துகிறார். நானும் குனிகிறேன், நீயும் குனிகிறாய். தேவு மட்டும் நின்றுகொண்டே வருகிறாள், பாலம்தான் அவளுக்காக இரண்டாகப் பிளந்து எழும்புகிறது. முழித்தால் ருக்கியா வீட்டுக் கூரை. எத்தனை நேரம் விழித்துக் கிடந்தாலும் இன்னும் அலைகிற மாதிரியே இருக்கும்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ பள்ளிக்கூடம் முடித்துப் பிரீடிகிரி படித்தபோது தோப்பும்படியில் படகு என்ஜின் பழுது பார்க்கிற பட்டறைகளில்தான் கிடப்பாய். கறுத்த கையோடு வந்து, என் அரிசி களைகிற அலுமினியப் பாத்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஏதோ பல்சக்கரத்தைக் கழுவினாய். அந்தப் பாத்திரம் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் இன்னும் மணக்கிறது. உனக்கு எது கிட்டே போய் நிற்கத் தோன்றியது என்று அந்தப் பாத்திரத்தைக் கேட்டாலே சொல்லும். ஆனால் உன் அப்பா ஒருநாள் ஓடை வேலையைப் பார்வையிட வந்த சிவில் என்ஜினீயரைப் பார்த்தார். ஒருவன் குடை பிடிக்க, அவர் நடந்தாராம். வீட்டுக்கு வந்து, "குடை பிடிக்க ஆள் நிக்கிற வேலைடா அது, நீ சிவில் எடு" என்றார். நீ "சரிப்பா" என்றாய். அவ்வளவுதான். குனிந்துகொண்டு போனாய். எனக்கு அதில் உன் அப்பாமேல் கோபமில்லை. கேட்டிருந்தால் அவர் விட்டுக்கொடுத்திருப்பார், அவர் சுபாவம் எனக்குத் தெரியும். வாயைத் திறக்காத உன்மேல்தான் கோபம், இத்தனை வருஷமாக. குடை பிடிக்க யாரும் வரவில்லை. நீ வெயிலில் நின்றாய்.

அவர் கண்ட குடைக்காக உன்னை ஒரு பக்கம் தள்ளினார். நீ கண்ட வெயிலுக்காக இவளை ஒரு பக்கம் தள்ளுகிறாய். இரண்டும் பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது? அவர் கொட்டின ஒவ்வொரு கூடையும் பாசம்தானே. நம்மை நனையவிடக்கூடாது என்று கொட்டினார், கொட்டினார், கூரை தலைக்கு வந்தது. ஒரே வித்தியாசம், நீ சண்டை போடவில்லை, இவள் போடுகிறாள். அதற்கு நீ சந்தோஷப்பட வேண்டும். நாளைக்கு இவளே, தப்பாக எடுத்துவிட்டேன் ஆச்சி, வெயில் தாங்கவில்லை என்று வந்து அழலாம். வரட்டும். அதற்கும் இடம் விட்டு வைப்போம், அந்த மூலையில் பல்பீர் வைத்த கூடுதல் ஜாக்கி மாதிரி. நீ ஒன்று, நான் ஒன்று.

வேலையெல்லாம் முடிந்தது. அடியில் புதுச் சுவர் கட்டி, தரையை அளவோடு மட்டும் உயர்த்தி, கம்பியை மண்ணோடு சேர்த்து, விளக்கும் எரிகிறது. வாசலில் புதிதாகப் படிகள் வைத்திருக்கிறாய், என் முழங்கால் உன்னைத் தினமும் திட்டுகிறது. அது இருக்கட்டும். திரும்பக் குடிவந்த அன்று தேவு அரிசிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் ஏறினாள். உன் உயரம் அவள், சின்ன வயதிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் உன்னைப்போலவே குனிந்து பழகினவள். நான் பின்னால் வந்தவள் பழக்கத்தில் "தலை!" என்று கத்திவிட்டேன். அவள் குனியவில்லை. நேராக உள்ளே போய், திரும்பி, கையைத் தூக்கி மேல்கட்டையைத் தொட முயன்றாள். எட்டவில்லை. எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலத்துக்கு முன்னால் அவளைக் கூப்பிடு. என்னைக் கூப்பிட வேண்டாம், அவளைக் கூப்பிடு. அந்த வரிசையை அவள் கையில் திருப்பிக் கொடு, பிறகு என்ன திட்ட வேண்டுமோ திட்டு. உன் பெரியப்பாவை மன்னிக்காதவள் நான், அதை நினைவில் வைத்துக்கொண்டு போனை எடு. லீவு கிடைத்ததும் வா. மீன் வாங்கி வைக்கிறேன், அந்த அலுமினியப் பாத்திரத்தை மட்டும் தொடாதே. நான் அடுக்களையில் இருப்பேன். நீ படியேறி வாசலுக்கு வருகிற சத்தம் எனக்குக் கேட்கும். நான் கத்தமாட்டேன்.